சுவருக்குப் பின்னால் எரியும் அடுப்பு

(அந்தமானில், மின்னி பேயில் ஒரு மழைநாள் மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துருக்கிக் குளியலைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம், "அண்ணே, குடும்பத்தோட வருவாங்க" என்றார். அவர் கவலை புரிந்தது. குடும்பத்தோடு தாராளமாகக் கேட்கலாம். நான் சொல்லப்போகிற குளியலில் இடுப்பில் கட்டிய துணி கடைசிவரை இடுப்பிலேயே இருக்கும்.

ஹமாம் என்று நான் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு மூக்கில் ஒரு வாசனை வரும். பச்சை நிறச் சோப்பு. டாடா ஆயில் மில்ஸ் கம்பெனி 1930களில் கொண்டுவந்தது. 1993இல் அந்தக் கம்பெனியே இந்துஸ்தான் லீவரோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு வீட்டுக் குளியலறையில் அந்தச் சோப்பு அதன் இடத்தை விட்டு நகரவில்லை. எங்கள் வீட்டில் என் அம்மா ஒரு கட்டியை நூலால் இரண்டாக அறுத்துத்தான் வெளியே வைப்பார்கள். முழுக்கட்டி கரைந்துபோகுமாம். ஹமாம் என்பது ஒரு கட்டிடத்தின் பெயர் என்று எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. சோப்புக்குப் பெயர் வைத்தவர் எவரோ, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அரபியில் சூட்டைக் குறிக்கிற வேரிலிருந்து வந்த சொல் அது. தண்ணீரைக் குறிக்கிற சொல் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கிக் குளியலின் சூட்டறையில் வெப்பம் 40 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரைதான் இருக்கும். பின்லாந்துக்காரர்களின் சானாவில் 80, 90 என்று போகிறது. அது காய்ந்த சூடு. இது ஈரச் சூடு. உட்கார்ந்தால் வியர்க்கும், வியர்வை காயாது, அது உடம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு இஸ்தான்புல்லில் காசு வாங்குகிறார்கள். மே மாதம் மின்னி பேயில் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் நமக்கு இலவசம். (சிரிப்பு)

நான் யார் என்று புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கப்பலில் எஞ்சின் ரூமில் காலம் தள்ளியவன். அப்பா முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி இந்தத் தீவுக்குக் கப்பலேறியவர். நானும் கப்பலிலேயே பிழைத்தேன், ஆனால் அடித்தளத்தில். பாய்லர், பர்னர், புகைக்குழாய், இதுதான் என் உலகம். ஆகவே ஒரு பழைய குளியலறைக்குள் போனால் மற்றவர்கள் கூரையின் அழகைப் பார்ப்பார்கள். நான் அடுப்பு எங்கே என்று தேடுவேன். இன்றைக்கு நான் சொல்வதெல்லாம் அடுப்பைத் தேடிப் போன கதைதான்.

எங்கள் கப்பல் இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே டுஸ்லாவில் பழுதுபார்க்கும் துறையில் ஏறி நின்றது. ஒரு உதிரிபாகம் வரத் தாமதமாக, இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. முதல் நாள், கடைவீதியில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். நீராவி, நீலவிளக்கு, பாட்டு. வெளியே வரும்போது பர்ஸ் இளைத்திருந்தது. அது எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், ஹமாம் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் எங்கள் சமையல்காரர், கருங்கடல் ஓரத்து ஊர்க்காரர், என்னை செம்பெர்லிதாஷுக்குப் போகச் சொன்னார்.

செம்பெர்லிதாஷ் என்றால் வளையம் போட்ட கல் என்று பொருள். ரோமானிய அரசர் கான்ஸ்டன்டைன் நிறுத்திய தூண் ஒன்று அங்கே நிற்கிறது. விழுந்துவிடாமல் இருக்க இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதன் எதிரே, தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத ஒரு வாசல். உள்ளே 1584ஆம் ஆண்டுக் கட்டிடம். சுல்தான் மூன்றாம் முராதின் தாயார் நூர்பானு கட்டச் சொன்னது. பெரிய சிற்பி சினானின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கட்டச் சொன்ன அம்மா அதில் குளிக்கவில்லை, 1583 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு குளியலறைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டு விழுந்தது எந்தப் பக்கத்துக்கு என்று கேளுங்கள். பெண்கள் பக்கத்து உடைமாற்றும் கூடத்துக்குத்தான். நெடுஞ்சாலைத் துறைக்கு ஊர் வித்தியாசமே கிடையாது.

முதலில் ஒரு உயரமான கூடம். அங்கே சட்டையைக் கழற்றி, பெஷ்தமால் என்கிற கட்டம்போட்ட பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். என்னோடு ஒரு ஜெர்மானியர் வந்திருந்தார். பாவம், அவருக்கு அது நிற்கவே இல்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே அலைந்தார். நமக்கு என்ன? லுங்கியில் பிறந்து லுங்கியில் வளர்ந்தவர்கள். இடது பக்கம் ஒரு இழு, வலது பக்கம் ஒரு செருகு. அங்கிருந்த பணியாள் என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினார். என் வாழ்நாளில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் திறமையை வாய்திறக்காமல் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

அடுத்தது இளஞ்சூட்டு அறை. அதைத் தாண்டினால் சூட்டறை. நடுவில் பெரிய பளிங்கு மேடை. அதற்குப் பெயர் கொபெக்தாஷ், தொப்புள் கல். மேலே குவிமாடம். ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. குவிமாடத்தில் வட்ட வட்டமாகத் துளை போட்டுக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். யானைக்கண் என்கிறார்கள் அதை. அந்தத் துளைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கி நீராவிக்குள் நிற்கிறது. மல்லாந்து படுத்தால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். ஜன்னல் வைக்காததற்குக் காரணம் அழகு அல்ல, சூடு வெளியே போய்விடும். குவிமாடம் வைத்ததற்கும் காரணம் உண்டு. நீராவி குளிர்ந்து சொட்டானால் வளைவைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக இறங்கிவிடும், படுத்திருப்பவன் நெற்றியில் விழாது.

தொட்டி கிடையாது. கவனியுங்கள், முங்கிக் குளிக்க அங்கே ஒன்றுமே இல்லை. சுவரோரம் சின்னப் பளிங்குத் தொட்டிகள் மட்டும், நம் வீட்டுத் துளசிமாடத்தில் பாதி அளவு. குழாய் திறந்தே ஓடும். பித்தளைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கிண்ணத்துக்கு தாஸ் என்று பெயர். நம் சொம்புதான், அடி தட்டை. நின்ற தண்ணீரில் உடம்பைப் போட்டால் அழுக்கு மறுபடி உடம்பிலேயே ஒட்டும் என்பது அவர்கள் கணக்கு. வெள்ளைக்காரன் பாத் டப்பில் கிடப்பதைப் பார்த்து என் பாட்டி சொன்னதும் இதேதான், கொஞ்சம் காரமாக.

அப்புறம் அந்த ஆள் வந்தார். தெல்லாக் என்பார்கள். மீசையும் தொந்தியுமாக, ஊர்ப் பயில்வான் தோற்றம். கையில் கெஸே என்கிற சொரசொரப்பான உறை. தண்ணீரை ஊற்றினார், தேய்க்க ஆரம்பித்தார். என் முதுகிலிருந்து அழுக்கு திரி திரியாக உருண்டது. கார்த்திகை விளக்குக்குப் போடலாம் போல இருந்தது. நான் தினமும் இரண்டு வேளை குளிக்கிறவன். அவர் ஒரு திரியை எடுத்து என் கண்முன் காட்டிவிட்டுப் போட்டார். எனக்கு மானமே போயிற்று. பிறகு ஒரு தலையணை உறை மாதிரித் துணிப்பையைச் சோப்பு நீரில் முக்கி, காற்றைப் பிடித்து ஊதவைத்து, மேலிருந்து கீழே ஒரு வழி வழித்தார். நுரை மலையாக இறங்கி என்னை மூடியது. கனமே இல்லை. வெதுவெதுப்பு மட்டும் இருக்கிறது. திரும்பிப் படுக்க வேண்டுமானால் அவர் வாய் திறப்பதில்லை, தோளில் ஒரு தட்டு. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது சனிக்கிழமைகள். நல்லெண்ணெய் வழிய, சீயக்காய் கண்ணில் எரிய, கொல்லைப்புறத்தில் அம்மா என் முதுகில் அப்படித்தான் ஒரு தட்டு தட்டுவார்கள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அவரிடம் கேட்டேன், சைகையில்தான்: அடுப்பு எங்கே? அவர் சுவரைக் காட்டினார். அதற்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமா? சிரித்துவிட்டு இன்னொரு கிண்ணம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பார்க்க முடியாததால் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய ஹமாமில் சூட்டறைக்கு ஒட்டினாற்போல் ஓர் இருட்டறை இருக்கும். குல்ஹான் என்று பெயர். அங்கே விறகு எரியும். அடுப்புக்கு மேலே தாமிர அடியுள்ள கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். அடுத்ததுதான் விஷயம். புகையை நேராக மேலே விட்டுவிட மாட்டார்கள். சூட்டறையின் தரை, குட்டைத் தூண்கள் மேல் நிற்கும், அடியில் வெற்றிடம். அடுப்பின் அனலும் புகையும் அந்த வெற்றிடம் முழுக்கச் சுற்றி, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக ஏறி, கூரைக்கு மேலே போய்த்தான் வெளியேறும். தரையும் சூடு, சுவரும் சூடு, ஆனால் குளிப்பவன் ஒரு துளி புகையைப் பார்க்க மாட்டான். தரைக்கு அடியில் உள்ள அந்த வெற்றிடத்துக்குத் துருக்கியர் வைத்த பெயர் ஜெஹென்னம்லிக். ஜெஹென்னம் என்றால் நரகம். மேலே தொப்புள் கல்லில் சொர்க்கம், கீழே ஒரு முழத்தில் நரகம். ரோமானியர் வளர்த்தெடுத்த முறைதான் இது. அரபுகள் எடுத்துக்கொண்டார்கள், துருக்கியர் கைக்கு வந்தது. எங்கள் பாய்லரிலும் இதையேதான் செய்கிறோம்: புகையிடம் உள்ள சூட்டை முழுசாகப் பிடுங்கிக்கொண்டு அப்புறம்தான் அதைப் புகைபோக்கிக்கு அனுப்புவோம். சுவரைப் பூசுவதற்குச் சுண்ணாம்போடு செங்கல்தூள் கலப்பார்கள், ஈரம் அரிக்காது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொன்ன அதே சரக்கு.

இந்தக் குல்ஹானுக்கு இன்னொரு கதை உண்டு. இஸ்தான்புல் குளிரில் வீடில்லாத அநாதைப் பையன்கள் அந்த அடுப்பறையில் வந்து படுத்துக்கொள்வார்கள். சாம்பல் ஓரம் கதகதப்பாக இருக்கும். அவர்களைக் குல்ஹான்பேய் என்றார்கள். பேய் என்றால் நம் பேய் இல்லை, துரை, ஐயா என்று பொருள். அடுப்படித் துரை. நாளாவட்டத்தில் அந்தச் சொல் ரவுடிக்கு ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பளிங்கு, இந்தப் பக்கம் அடுப்படித் துரைகள். ஒரே சூடு.

குளிப்பாட்டுகிறவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. 1730இல் இஸ்தான்புல்லில் ஒரு கலகம். தலைவன் பெயர் பத்ரோனா ஹலீல், ஒரு காலத்தில் ஹமாமில் தேய்த்துவிடும் வேலை பார்த்தவன். சுல்தான் மூன்றாம் அகமதுவையே இறக்கிவிட்டான். பதவிக்கு வந்த முதலாம் மகமூது, சில வாரங்களில் அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டார், அது வழக்கம்தானே. அதே மகமூது 1741இல் ஜாலோலு என்ற இடத்தில் மிகப் பெரிய ஹமாமைக் கட்டினார். அதன் வருமானம் ஹாகியா சோபியாவில் அவர் வைத்த நூலகத்துக்கு. தேய்த்துவிடுகிறவன் ஒருவனால் அரியணை ஏறியவர் கட்டிய ஹமாம் இன்றும் நடக்கிறது. அந்தப் பெருநகரத்தில் அவ்வளவு பெரிதாக அதற்குப் பின் ஒன்று எழும்பவில்லை. 1768இல் மூன்றாம் முஸ்தபா, புதிதாகப் பெரிய ஹமாம் கட்டாதீர்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். காரணம், ஊருக்குத் தண்ணீரும் விறகும் பற்றவில்லை. இதை வாசித்தபோது நம் ஊரின் நகராட்சி அறிவிப்பைப் படிக்கிற உணர்வு எனக்கு.

ஹமாம் வருமானம் நூலகத்துக்கு என்று சொன்னேன் இல்லையா? அதுதான் முறை. நூர்பானு கட்டிய குளியலறையின் வருமானமும் கடலுக்கு அந்தப் பக்கம் உஸ்குதாரில் அவர் கட்டிய மசூதி, பள்ளி, மருத்துவமனை, ஏழைகளுக்கான சமையல்கூடம் ஆகியவற்றுக்குப் போனது. நம் ஊரில் கோவிலுக்கு நிலம் எழுதிவைத்தது மாதிரி அவர்கள் குளியலறை எழுதிவைத்தார்கள்.

தாய்மார்கள் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். பெண்கள் ஹமாம்தான் உண்மையான ஹமாம் என்பது என் கட்சி. காலையில் பலகாரம் கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வீடு. கல்யாணப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு ஹமாம். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் ஒரு ஹமாம். மகனுக்குப் பெண் தேடுகிற அம்மா நேரே ஹமாமுக்குத்தான் போவாளாம். பவுடர் போட்டு மறைக்க முடியாது, விளக்கு வெளிச்சம் பார்த்து உட்காரவைக்க முடியாது. 1717இல் மேரி மாண்டேகு என்ற ஆங்கிலத் தூதர் மனைவி சோபியா நகரத்து ஹமாமுக்குப் போய்விட்டு எழுதிய கடிதம் பிரபலம். ஆண்களுக்குக் காப்பிக்கடை எப்படியோ அப்படிப் பெண்களுக்கு இது என்று அவர் புரிந்துகொண்டார். அவரையும் உடுப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இறுக்கிக் கட்டிய கச்சையைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் திகைத்து, பாவம், புருஷன்காரன் இவளைக் கூண்டில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். துருக்கிப் பெண்கள் அடிமைகள் என்று ஐரோப்பா பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கடிதங்களைப் படித்த ஆங்ர் என்ற பிரெஞ்சு ஓவியர் தம் எண்பத்திரண்டாம் வயதில், 1862இல், துருக்கிக் குளியல் என்று ஒரு படம் வரைந்தார். இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதர் துருக்கிப் பக்கம் கால் வைத்ததே இல்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பிக்கு என் தலைப்பைக் கேட்டதும் வந்த பயம், அந்தப் படம் போட்ட விதைதான்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

பாபர் இந்தியாவுக்கு வந்து இங்கே இல்லாதவற்றை ஒரு பட்டியல் போட்டார். நல்ல குதிரை இல்லை, பனிக்கட்டி இல்லை, ஹமாம் இல்லை. 1526இல் ஆக்ராவில் முதல் வேலையாகத் தோட்டமும் ஹமாமும் கட்டினார். வெக்கை, காற்று, புழுதி என்று இந்த நாட்டின் மூன்று தொல்லைகளிலிருந்தும் ஹமாமில் தப்பலாம் என்பது அவர் அனுபவம். வெளியே கொளுத்தும்போது தடித்த சுவருக்குள் அது குளிர்ந்து கிடக்குமாம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பதேபூர் சிக்ரியிலும் புர்ஹான்பூரிலும் லாகூரிலும் கட்டிக்கொண்டே போனார்கள். தில்லிச் செங்கோட்டையில் திவானே காஸை ஒட்டி மூன்று அறை ஹமாம் இருக்கிறது. ஒருமுறை சூடாக்க 125 மணங்கு விறகு வேண்டும் என்று சொல்லிவந்தார்கள். மொகலாய அரசர்கள் குஸல்கானா, அதாவது குளியலறை என்ற பெயரில் நடத்தியது அந்தரங்க மந்திராலோசனை. குளிக்கிற இடத்தில்தான் ராஜாவைத் தனியாகப் பிடிக்க முடியும் என்பது அரசியல் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இவையெல்லாம் அணைந்த அடுப்புகள். எரிகிற அடுப்பைப் பார்க்க நான் போபாலுக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே ஏரிக்கரையில், கமலா பார்க்கை ஒட்டி, பதினெட்டாம் நூற்றாண்டு ஹமாம் ஒன்று இருக்கிறது. கதீமி ஹமாம் என்கிறார்கள், பழைய ஹமாம் என்று அர்த்தம். நவாபு காலத்திலிருந்து ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறது. ஆண்டு முழுக்க நடக்காது. தீபாவளிக்குத் திறந்தால் ஹோலிவரை, குளிர்காலத்துக்கு மட்டும். உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. டிசம்பரில் அவன் வீட்டுக்குப் போனவன், காலை ஏழு மணிக்கு அங்கே நின்றேன்.

இஸ்தான்புல் பளிங்கை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெளியே பார்த்தால் பழைய மண்டபம். உள்ளே ஒன்றைவிட ஒன்று சூடான அறைகள். தரை சுடுகிறது, வெறுங்காலை ஓர் இடத்தில் வைத்திருக்க முடியாமல் மாற்றி மாற்றி வைக்கிறோம். தேய்க்கிறவர் கையில் அதே சொரசொரப்பு. அதே திரிகள், அதே அவமானம். பக்கத்தில் மூட்டுவலிக்கு வந்த ஒரு பெரியவர், அவருக்கு அடுத்து மறுநாள் கல்யாணம் வைத்திருந்த ஒரு பையன். பெரியவர் கேட்காமலே பையனுக்குக் குடும்ப வாழ்க்கை பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தார். நீராவிக்குள் முகம் சரியாகத் தெரியாததால் பையனும் தாராளமாகச் சந்தேகம் கேட்டான்.

துவட்டிக்கொண்டு வெளியே வந்து, இந்த முறை விடவில்லை. அடுப்பைக் காட்டுங்கள் என்றேன். இந்தியில் கேட்டதால் வேலை நடந்தது. பின்பக்கம் சுற்றிக் கூட்டிப்போனார்கள். விறகு அடுக்கு. கரி பிடித்த ஒரு வாய். அதன் முன்னால் குத்துக்காலிட்டு ஒரு மனிதர். ஆள் உயர விறகை அவர் தள்ளவில்லை, முனையை மட்டும் உள்ளே கொடுத்துவைத்திருந்தார். எரிய எரியக் காலால் ஒரு அங்குலம் நகர்த்துவார். அவ்வளவுதான். எங்கள் தொழிலில் பழகிய ஃபயர்மேன் அப்படித்தான் செய்வான். அடுப்பை நிரப்புகிறவன் கற்றுக்குட்டி. இந்தச் சூடு காற்றைச் சூடாக்குகிற சூடு இல்லை, கல்லைச் சூடாக்குகிற சூடு. கல் மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ராத்திரியில் ஒருவர் முழித்திருந்தாக வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீடி நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை, ஆனால் மறுக்க மனம் வரவில்லை. உள்ளே போய்க் குளிப்பீர்களா என்று கேட்டேன். "நமக்கு வேர்வைக்குப் பஞ்சமா, சாஹிப்?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, சீசன் முடிந்து அடுப்பை அணைக்கிற அன்றைக்குக் கடைசிச் சூட்டில் குளிப்பேன் என்றார். கல் ஆறுவதற்கு நேரமாகும், அன்றைக்கு வேறு யாரும் வரமாட்டார்கள், நான் மட்டும் படுத்துக்கிடப்பேன் என்றார். அந்த ஆளைப் பார்த்தது எனக்கு இஸ்தான்புல்லைப் பார்த்ததைவிடப் பெரிது.

காஷ்மீரிலும் ஹமாம் உயிரோடு இருக்கிறது. மசூதிகளில், வசதியான வீடுகளில். அங்கே அது குளிக்கிற இடம் என்பதைவிடக் கல்தரைக்கு அடியில் விறகு எரிய, மேலே உட்கார்ந்து கதை பேசுகிற இடம்.

தமிழ்நாட்டில் ஏன் இது வேரூன்றவில்லை? வெயில் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நமக்கு எதற்குச் சுடுகல்? நமக்கு ஆறும் ஏரியும் குற்றாலமும் உண்டு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆக்ராவில் வெயில் இல்லையா? தீபாவளிக்கு விடியுமுன் எழுப்பி வெந்நீரில்தானே குளிக்கவைக்கிறோம்? எனக்குத் தோன்றுகிற மீதிப் பாதியைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹமாமில் முன்பின் தெரியாத ஒருவன் உன்னைத் தொட்டுத் தேய்க்க வேண்டும். அவன் தேய்த்த கல்லில் அடுத்தவன் படுக்க வேண்டும். ஒரே குழாய், ஒரே கிண்ணம். எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்று கணக்குப் பார்த்த ஊரில் இது எப்படி நடக்கும்? 1927இல் அம்பேத்கர் மகாத்தில் சவ்தார் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்ததற்கே அவரோடு போனவர்களை அடித்தார்கள். கை நனைப்பதற்கே அந்தப் பாடு. துருக்கியிலும் எல்லாம் சமத்துவமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மதம் பார்த்துத் துண்டு கொடுத்த காலம் அங்கும் உண்டு. ஆனால் கல் ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதை வெள்ளைக்காரனுக்கு விற்றவர் நம் நாட்டுக்காரர். பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முகமது, கம்பெனிப் படையில் இருந்து, இங்கிலாந்து போய், லண்டனில் சாப்பாட்டுக்கடை வைத்து நொடித்து, பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் தொடங்கினார். தலையையும் உடம்பையும் பிடித்துவிடுகிற நம் சம்பி வேலைதான், அதிலிருந்துதான் ஷாம்பூ என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டு அரசர்களுக்கு அவர் அதிகாரபூர்வ ஷாம்பூ வைத்தியர். டேவிட் அர்க்கார்ட் என்பவர் துருக்கிக் குளியலைப் புகழ்ந்து எழுதியது 1850இல், அயர்லாந்தில் பார்ட்டர் என்ற மருத்துவர் அதைக் கட்டிக் காட்டியது 1856இல். அதற்கெல்லாம் முன்பே பாட்னாக்காரர் கடை விரித்துவிட்டார். பிறகு 1903இல் பம்பாய் தாஜ்மகால் ஓட்டல் திறந்தபோது அதிலும் துருக்கிக் குளியல் இருந்தது. சரக்கு ஒரு சுற்றுச் சுற்றி, விலை ஏறி, வீடு திரும்பியது.

நம் ஊருக்கு எதிரே இருக்கிற ராஸ் தீவுக்கு, இப்போது நேதாஜி பெயரில் இருக்கிறது, நீங்கள் எல்லோரும் விருந்தாளிகளைக் கூட்டிப்போயிருப்பீர்கள். துரைமார்களுக்கு நீச்சல்குளம், பேக்கரி, கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் எடுக்கிற ஆலை, எல்லாவற்றின் இடிபாடும் கிடக்கிறது. எல்லோரும் ஆலமர வேர் பிடித்த சுவரைப் படம் எடுப்பார்கள். நான் அந்தக் காய்ச்சும் ஆலைப் பக்கம் போய் நிற்பேன். கடலை நெருப்பில் வைத்துக் குடிதண்ணீர் எடுத்திருக்கிறார்கள் என்றால், நெருப்புக்கு முன்னால் யார் நின்றிருப்பார்கள்? கைதிகளின் தீவு இது. பல ஊர், பல சாதி, ஒரே சங்கிலி. அவர்களுக்குள் கல்யாணம் நடந்து, லோக்கல் பார்ன் என்று ஒரு சமூகமே இங்கே முளைத்தது. மெயின்லேண்டில் இருக்கிற என் பெரியப்பா வீட்டில் அந்தக் காலத்தில் எங்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: அந்தமான்காரப் பயல்களுக்கு யார் வீட்டுச் சொம்பு என்றே தெரியாது, கிடைத்ததை எடுத்து ஊற்றிக்கொள்வான்கள். அவர்கள் வைததாக நினைத்தார்கள்.

எங்கள் லைன் வீட்டில் ஏழு குடும்பத்துக்கு ஒரு குழாய். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர், நாங்கள். கொல்லையில் அம்மா மூன்று கல் வைத்து, தேங்காய் மட்டை போட்டு, தாமிரத் தவலையில் வெந்நீர் வைப்பார்கள். ஏழு வீட்டுப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, கையில் கிடைத்தவனுக்கு எண்ணெய் வைத்துவிடுவார்கள். புகை எங்கள் கண்ணிலேயே அடிக்கும். தரைக்கு அடியில் ஒளித்துவைக்கிற வித்தையெல்லாம் தெரியாது. கடைசிப் பிள்ளை போனபிறகு தவலையில் மிச்சம் இருக்கிற ஒரு செம்புதான் அம்மாவுக்கு. போபாலில் அந்த மனிதர் கடைசிச் சூடு என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

துருக்கியில் ஒரு சொலவடை: பழைய ஹமாம், பழைய கிண்ணம். எதுவும் மாறவில்லை என்பதைக் கிண்டலாகச் சொல்வது. பழைய குருடி கதவைத் திறடி என்கிறோமே, அது. நம் ஊரும் அப்படித்தான்: ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர், தனிக்காரி அணை நிரம்பி வழிகிற ஊர், கோடை வந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று காத்திருக்கிறது. ஊர்ப்பெயர்கூடப் போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. குழாய் மட்டும் பழைய கிண்ணம்.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் பின்வரிசையில் இரண்டு அக்காக்கள் மணி பார்க்கிறார்கள், காரணமும் எனக்குத் தெரியும். நாளைக்கு விடியற்காலை நம் பக்கத்துக்குத் தண்ணீர் முறை. டிரம் கழுவிவைக்க வேண்டும்.